இரண்டாவது கிளிப்

டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சட்டைப் பொத்தான் தரையில் விழுந்தால்கூட இதைவிடப் பெரிதாகக் கேட்டிருக்கும். ஆனால் மீட்டர்காரர் சட்டென்று தன் கையைப் பார்த்தார். கையில் குறடு இருந்தது, குறட்டின் நுனியில் கிளிப் இல்லை. சாப்பாட்டு மேசையின்மேல் மோட்டார் சைக்கிள் எஞ்சின் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்தக் கிளிப் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு வட்டமாக வளைத்த கம்பி. பிஸ்டனைக் கோத்து நிறுத்தும் ‘பின்’ என்கிற சின்ன இரும்புத் தண்டு, ஓடுகிற வேகத்தில் நழுவிவிடாமல் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் காவல் இருக்கும். அதைக் குறட்டால் நெருக்கி அதன் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் துள்ளிவிடும், துள்ளினால் போன இடம் தெரியாது. எஞ்சினின் வாயைத் துணியால் அடைக்காமல் கிளிப்பைத் தொடவே கூடாது என்று உதிரி பாகக் கடைக்காரர் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். மீட்டர்காரர் அடைக்காமல் இல்லை. கைக்குக் கிடைத்த துணியை எடுத்து நன்றாகவே அடைத்திருந்தார். அது யாரோ ஒரு அம்மாளின் கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்க இருந்த வழவழப்பான லைனிங் துணி. தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயையோ! அது கஸ்டமர் துணிங்க!"

ஒரே எட்டில் வந்து உருவினாள். அவர் கை அதிர்ந்தது. டிக்.

"நகராதீங்க" என்றாள் அடுத்த நொடியே. அந்த வீட்டுச் சட்டம் அது. ஊசி விழுந்தால், அது கிடைக்கும்வரை யாரும் காலைத் தூக்கி வைக்கக் கூடாது. கல்யாணமான முதல் வாரத்திலேயே குதிகாலில் குத்திக்கொண்டு மீட்டர்காரர் அதைக் கற்றுக்கொண்டிருந்தார். எனவே குறடும் கையுமாகச் சிலை மாதிரி நின்றார். அவள் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துக்கொண்டு மண்டியிட்டுத் தரையை ஒரு சாண் விடாமல் தடவினாள். ஏழு குண்டூசிகள் வந்தன. ஒரு கொக்கி வந்தது. போன வருடம் தொலைந்து, அதற்காக இரண்டு பேரும் இரண்டு நாள் பேசாமல் இருந்த மெஷின் திருகும் வந்தது. கிளிப் வரவில்லை.

"அப்ப உள்ளதான்" என்றாள், மெதுவாக.

உள்ளே என்றால் எஞ்சினின் வயிற்றுக்குள். அங்கே கிடக்கும் இரும்புத் துண்டோடு ஓட்டினால் பல்சக்கரம் அதைக் கடித்துத் தானும் உடையும். வெளியே எடுக்க எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். அதற்கான கருவிகள் அவரிடம் இல்லை, வெளியே கொடுத்துச் செய்யப் பணமும் இல்லை. இன்று சனிக்கிழமை மதியம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியை அலுவலக வாசலில் ஓட்டிக் காட்டியாக வேண்டும்.

மீட்டர்காரருக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிக்கிற வேலை. எட்டு வருடமாக நடந்தே படித்தார். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இப்போது புதிதாக ஒரு உத்தரவு வந்திருந்தது. சொந்த வண்டி இருப்பவர்களுக்கு மட்டும்தான் இனி மீட்டர் வேலை. மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே நீரேற்று நிலையம். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அங்கே மாற்றலாகிப் போன ஒருவர், தூங்குவதற்கு மட்டும்தான் வீட்டு வாடகை கொடுப்பதாகச் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து மீட்டர்காரருக்குச் சோறு இறங்கவில்லை. புது வண்டி வாங்க வழியில்லை. அண்ணன் வீட்டுப் பின்பக்கத்தில் தார்ப்பாய்க்கடியில் கிடந்த வண்டி ஒன்றுதான் இருந்தது.

அந்த வண்டி இவருக்கே வந்திருக்க வேண்டியது. எட்டு வருடம் முன்பு இவருக்கு வேலை கிடைத்தபோது, அண்ணன் எல்லார் முன்னாலும் இவர் தோளில் தட்டி, "மொத சம்பளம் வாங்கறதுக்குள்ள என் வண்டி உன் வாசல்ல நிக்கும்டா" என்றார். முதல் சம்பளம் வந்தது, வண்டி வரவில்லை. இரண்டாவது சம்பளமும் வந்தது. கேட்டபோது, "எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு" என்று ஒரு வார்த்தை, அதோடு சரி. அண்ணன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். ஆறு லிஃப்டுகள் அவர் சொன்னால் ஏறும், சொன்னால் இறங்கும். அவருக்கா ஒரு வண்டி எஞ்சின் மசியாது? "கொடுக்க மனசில்லாதவங்க வண்டி ஜாமாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி. மீட்டர்காரர் அவளை அதட்டினார். மனதுக்குள் அவரும் அதைத்தான் நினைத்தார். சண்டை ஒன்றும் போடவில்லை. போக்குவரத்து தானாகக் குறைந்துபோயிற்று. உச்சி வெயிலில் ஆணிக்காலோடு மேட்டுத் தெருவில் ஏறும்போது மட்டும் அண்ணனின் நினைவு வரும், அதில் கொஞ்சம் கசப்பும் இருக்கும்.

போன மாதம் வேறு வழியில்லாமல் போய்க் கேட்டார். அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எடுத்துட்டுப் போ. ஆனா எடைக்குப் போட்டுடு. அத ரிப்பேர் பண்றேன்னு உக்காராத" என்றார். அது வேறு சுருக்கென்று தைத்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பொறுமையின் வேலை. கையில் இருந்தது சொற்பம், அதனால் காசு செய்ய வேண்டியதை நாட்கள் செய்தன. துருப்பிடித்து இறுகியிருந்த பிஸ்டன்மேல், ப்ளக் துவாரம் வழியாக டீசலை ஊற்றி ஊறப்போட்டார். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்ப்பார். பன்னிரண்டாம் நாள் அது ஒரு விரற்கடை அசைந்தது. அவர் போட்ட கூச்சலில் மனைவி ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். கழற்றிய போல்ட்டுகளை ஓர் அட்டையில் எஞ்சின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்தார். தையல் சாக்பீஸால் எண் போட்டார். பல் துலக்கும் பழைய பிரஷ் நான்கு தேய்ந்துபோயின. சிலிண்டரைத் தூக்கியபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ரிங்குகள் துருப்பிடித்திருந்தாலும் பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது ஓடவே இல்லையே சார்" என்றார். ஓடாத பிஸ்டன் எப்படி ஜாம் ஆகும் என்று மீட்டர்காரர் யோசித்திருக்கலாம். பிஸ்டன் செலவு மிச்சம் என்கிற சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. ரிங், கேஸ்கெட், ஆயில், இரண்டு கிளிப். அவ்வளவுதான் வாங்கினார்.

அந்த இரண்டில் ஒன்றுதான் இப்போது காணாமல் போயிருந்தது.

"தலைகீழா கவுத்தா விழுந்துடாது?" என்றாள் மனைவி.

கவிழ்த்துப் பார்க்கலாம்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மேசையிலிருந்து ஒரு சாண் எழும்புவதற்குள் அவள் மணிக்கட்டு மடங்கியது. இறக்கி வைத்துவிட்டார்கள். எஞ்சினில் கை வைக்காதே என்று சொன்ன அண்ணனை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று மீட்டர்காரர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதைப் பிடுங்கினாள்.

"மாமா, எஞ்சினுக்குள்ள ஒரு கிளிப் விழுந்துடுச்சு. கவுத்துப் பாக்கணும், எங்களால தூக்க முடியல."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ மோட்டாரை அண்ணன் நிறுத்தினார். பிறகு, "துணி வச்சு அடைக்கலையா?"

"அடைச்சுத்தான் வச்சிருந்தார். நான்தான் உருவித் தொலைச்சேன்."

"வரேன்."

அரை மணி நேரத்தில் அண்ணன் வந்துவிட்டார். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார், உட்காரவும் இல்லை. எஞ்சினின் வயிற்றுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். தரையில் விரித்த வெள்ளைத் துணிக்கு மேலே அண்ணனும் தம்பியும் எஞ்சினைத் தூக்கிக் குலுக்கினார்கள். ஒருவர் கழுத்து நரம்பு மற்றவருக்குத் தெரிகிற நெருக்கத்தில் நின்று அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். கறுப்பாக மண்ணெண்ணெய் கொட்டியது. அதோடு சின்னதாக ஒன்று விழுந்தது.

"வந்துடுச்சு!" என்று அவள் கைதட்டினாள்.

எஞ்சினை மெத்தைமேல் சாய்த்து வைத்துவிட்டு மீட்டர்காரர் அதை எடுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறுப்புப் போகவில்லை. வாங்கியது நேற்று, பளபளவென்று இருந்தது. இது பழசு.

"இது என்னுது இல்லையே" என்றார்.

அண்ணன் அதைப் பார்த்தார். ஷூ போட்ட காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அது என்னுதுடா."

கிளிப்பைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார் அண்ணன்.

"உன்கிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி புது பிஸ்டன் போட்டுத் தரலாம்னு பிரிச்சேன். துணி வைக்கல. லிஃப்டே பிரிச்சு மேயறவன், எனக்கு எதுக்குத் துணின்னு ஒரு திமிரு. டிக்குனு துள்ளிப் போச்சு. உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சா தெரியல. நாலு நாள் தேடினேன். வேற ஒண்ணு வாங்கிப் போட்டு மூடிட்டேன். ஆனா கிக்கர்ல கால் வைக்க தைரியம் வரல. உன்கிட்ட கொடுத்து, போற வழியில எஞ்சின் பூட்டிக்கிட்டு நீ விழுந்துட்டா?"

"சொல்லியிருக்கலாமே அண்ணே."

"மொத நாள் சொல்லியிருந்தா நீ சிரிச்சிருப்ப, நானும் சிரிச்சிருப்பேன். மூணு மாசம் கழிச்சு வாய் வரல. அப்புறம் நீ நடந்து போறதப் பாக்கறப்பல்லாம் இன்னும் வாய் வரல."

"அப்பவே கவுத்துப் பாத்திருக்கலாமே மாமா?" என்றாள் அவள்.

"கவுக்க ரெண்டு பேர் வேணும்மா. கூப்பிடறதா இருந்தா இவனத்தான் கூப்பிடணும். இவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

மீட்டர்காரருக்குச் சிரிப்பு வந்தது. எட்டு வருடமாக அண்ணனுக்குக் கொடுக்க மனமில்லை என்று நினைத்திருந்தார். கொடுப்பதை நல்லதாகக் கொடுக்க நினைத்துத்தான் எல்லாம் கெட்டிருக்கிறது. நடந்த நடையெல்லாம் நடந்ததுதான், ஆணிக்காலும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தன் அண்ணன் கஞ்சன் இல்லை. அது அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. வண்டி ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

"நான் உங்களப் பத்தி நிறைய பேசியிருக்கேன் மாமா" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்மா. ஒண்ணு விடாம என் காதுக்கு வந்துச்சு." அண்ணன் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "சரி, அவனுது எங்க? பிடிடா."

இரண்டாவது முறை கவிழ்த்தபோது எண்ணெய் மட்டும் சொட்டியது. மூன்றாவது முறையும் அதேதான். மீட்டர்காரர் பிடியை மாற்றிக்கொண்டார். "கவுத்தபடியே பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஒரு கையை விட்டு, எஞ்சினின் வெளிப்பக்கத்தில் இருந்த பல்சக்கரத்தை மெல்ல, ஒவ்வொரு பல்லாகச் சுற்றினார். உள்ளே எங்கோ ஒரு கிணுகிணுப்பு கேட்டது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு பல். வெள்ளைத் துணியின் நடுவில் பளிச்சென்று வந்து விழுந்தது கிளிப். அவள் பாய்ந்து போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டாள். எஞ்சினை இறக்கி வைத்ததும் மீட்டர்காரர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்பாடா என்று ஒரு சொல் வந்தது, அது யார் வாயிலிருந்து வந்ததென்று தெரியவில்லை.

மாலைக்குள் பிஸ்டன் ஏறிவிட்டது. எஞ்சினின் வாயில் அவளே ஒரு தடித்த துண்டைத் திணித்துக் காவலுக்கு நின்றாள். அண்ணன் இரண்டு உள்ளங்கைகளையும் பிஸ்டனைச் சுற்றிக் குவித்துக்கொண்டார். "எங்க கைல இருந்து தப்பிச்சுப் போகட்டும் பாப்போம்" என்றார். மீட்டர்காரர் நெருக்கினார். கிளிப் தன் பள்ளத்தில் போய்ச் சாதுவாக உட்கார்ந்தது.

மறுநாள் காலை முழுவதும் எஞ்சினை வண்டியில் ஏற்றிப் பூட்டுவதிலேயே போயிற்று. மதியம் வாசலில் நிறுத்தி உதைத்தார்கள். முதல் ஆறு உதைக்கு மரக்கட்டை மாதிரி நின்றது. ஏழாவதற்கு ஒரு தும்மல். ப்ளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். தம்பி ஓய்ந்துபோய் நகர, அண்ணன் கிக்கர்மேல் காலை வைத்தார். வைத்த கால் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. "உதைங்க அண்ணே" என்றார் மீட்டர்காரர். அண்ணன் உதைத்தார். எஞ்சின் இருமியது, தெருவே மறையும்படி வெள்ளைப் புகையைக் கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது.

மீட்டர்காரர் என்னவோ சொல்லிக் கத்தினார். அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. ஜன்னலுக்கு உள்ளே, கோட்டை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் மனைவியின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எஞ்சினுக்குக் கிட்டத்தில் காதைக் கொண்டுபோனார். நிமிராமலே ஜன்னல் பக்கம் கையைத் தூக்கிக் காட்டினார். தையல் மெஷின் நின்றது. எஞ்சின் மட்டும் ஓடியது, ஒரே சீராக, உள்ளே எதுவும் எதன்மேலும் இடிக்காமல்.

"அணைக்கட்டுமா அண்ணே?"

"இருடா."

புகை மெல்ல விலகியது. அண்ணன் கண்களை மூடியிருந்தார், காதை எடுக்கவில்லை. தூக்கிய கையை இறக்க மறந்திருந்தார்.