கழுவிய வீடு

பாடை காப்பிச் செடிகளுக்கு மேலே திரும்பி மறைவதற்குள், சாந்தி முதல் வாளித் தண்ணீரை வீட்டுக்குள் வீசி ஊற்றினாள். தண்ணீர் கட்டில் கால்களைச் சுற்றி, பீடித் துண்டுகளையும் சாமந்தி இதழ்களையும் வாரிக்கொண்டு, சென்னம்மாளின் பாதங்களை நனைத்துப் படியிறங்கியது.

“தள்ளி நில்லுங்க அண்ணி. ஈரத்துல வழுக்கிரும்.”

சென்னம்மாள் தள்ளி நின்றாள். காலையிலிருந்து அவள் செய்த வேலை அதுவொன்றுதான். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். எழச் சொன்னார்கள், எழுந்தாள். அவளும் சித்தனும் நாகலூர் எஸ்டேட்டில் காலமெல்லாம் காப்பி பறித்துக் கட்டிய இரண்டறை வீட்டில், எந்த வாளி எங்கே இருக்கிறது என்பதைக் கணவனின் தங்கை இப்போது அவளைவிட நன்றாக அறிந்திருந்தாள்.

முந்தைய நாள் மாலை காப்பி டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்த சித்தன் நிமிரவேயில்லை. இன்று அவருடைய சட்டைகள், வேட்டிகள், போர்வை, பாய் யாவும் ஒரே மூட்டையாகிப் பாடையோடு போய்விட்டன. கட்டிலுக்கடியில் நாய்க்குட்டி சுருண்டு கிடந்த பழைய ஸ்வெட்டரையும் சாந்தி விட்டுவைக்கவில்லை. “செத்தவங்க துணி ஊட்டுல தங்கப்படாது” என்று, குட்டியைப் புரட்டிவிட்டு உருவினாள்.

“அது குட்டியோடது” என்றாள் சென்னம்மாள்.

அழுகைச் சத்தத்தில் அது எவர் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் துக்கத்தில் பிதற்றுகிறாள் என்றே விட்டிருப்பார்கள். ஒரு மனிதர் வாழ்ந்த தடத்தைத் துடைப்பதில் இத்தனை சுறுசுறுப்பு எதற்கு? ஓர் ஆயுளை அரைப்பகலில் கழுவித் தள்ளிவிட்டு, இவர்களெல்லாம் எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போகிறார்கள்? கேட்க வேண்டிய கேள்விதான். கேட்பாரில்லை.

புழக்கடையிலிருந்து மகள் புவனா வந்தாள். அவள் கையிலிருந்த துண்டுக்குள் குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் எலுமிச்சை மணம் வீசிற்று.

“பாரும்மா, ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிட்டேன். ராத்திரி பூராவும் அப்பாவுக்கு அடியிலயே படுத்திருந்துச்சு.”

“ஐயோ கண்ணு, அதை எதுக்குக் கழுவுன?”

“நாத்தம்மா.”

“அந்த நாத்தந்தான் வேணும்.”

புவனாவும் சாந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 

சென்ற மாதம், வெள்ளக்கடை ஊரிலிருந்து ஸ்வெட்டருக்குள் போட்டுத்தான் அந்தக் குட்டியை மொபெட்டில் கொண்டுவந்தார் சித்தன். வீட்டில் ஏற்கெனவே டைகர் இருந்தது. பல் பாதி கொட்டிய கிழநாய். பெயரில் மட்டுமே புலி. குட்டியைக் கண்டதும் மிச்சமிருந்த பற்களைக் காட்டிவிட்டு, சோற்றையும் தொடாமல், பனியில் போய்ப் படுத்துக்கொண்டது. சித்தன் குட்டியை வீட்டுக்குள் விடவில்லை. ஸ்வெட்டரில் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வேலிப் படலோரம் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“உள்ள வாங்க. ஒரு நாயிக்குப் போயி இப்பிடியா குளுருல உக்காருவாங்க?”

“இரு புள்ள. இது அதோட ஊடு. புதுசைக் கொண்டாந்து வெக்கறப்பப் பழசுகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்.”

“என்ன சொல்லுதாம் உங்க பெரிய மனுசன்?”

“யோசிக்குது.”

அந்த யோசனை பல மாலைகள் நீடித்தது. ஒரு நாள் டைகர் தானே எழுந்து வந்து ஸ்வெட்டரை முகர்ந்தது; ஸ்வெட்டரிலிருந்து குட்டியை முகர்ந்தது; இரண்டிலும் சித்தனே இருக்கக் கண்டு பக்கத்தில் படுத்தது.

“டைகரு எத்தனை காலத்துக்கு? அது போயிட்டா நீ நொம்பத் தவிச்சுப் போயிருவ. அதுக்குத்தான் இது” என்றார் அன்றைக்கு. யார் முதலில் போவார்கள் என்ற யோசனையில் அவர் தம்மைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

ஆண்கள் திரும்பியபோது பனிமஞ்சு இறங்கத் தொடங்கியிருந்தது. பாடைக்குப் பின்னாலேயே போயிருந்த டைகர் எல்லோருக்கும் கடைசியாக, கால்களில் செம்மண் அப்பியிருக்க, வந்து சேர்ந்தது. நேரே கட்டிலுக்கடியில் நுழைந்து ஈரத் தரையை முகர்ந்தது. சுவரை முகர்ந்தது. பிறகு சென்னம்மாளிடம் வந்து அவள் சேலையை முகர்ந்தது. சற்றுமுன்தான் அவளையும் சீயக்காய் தேய்த்துத் தலைமுழுக வைத்திருந்தார்கள். டைகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிற்று.

டைகரைக் கண்ட மகிழ்ச்சியில் குட்டி ஓடிப்போய் அதன் காலடியில் விழுந்தது. கிழநாய் ஒருமுறை மூச்சை இழுத்தது, உறுமிப் பாய்ந்தது. குட்டியின் வீறலில் வீடே அதிர, புவனா அதைத் தூக்கிக்கொண்டாள். காதில் ரத்தம் கசிந்தது.

“இது சரிப்படாதும்மா. காலையில குட்டியைப் பக்கத்து ஊட்டு ராமசாமி மாமாவுக்குக் குடுத்துரலாம், கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. நீ என்னோட சேலத்துக்கு வந்துரு.”

“டைகரு?”

“மாமா சோறு போடுவாரும்மா. அது இன்னும் எத்தனை நாளைக்கு?”

“அண்ணி தனியா இங்க கெடந்து என்ன பண்ணப் போறாங்க” என்று சாந்தி புவனாவிடம் சொன்னாள். எதிரில் நின்ற சென்னம்மாளிடம் சொல்லவில்லை.

சென்னம்மாள் மெல்ல வெளியே வந்தாள். கொட்டகையில் மொபெட் நின்றது. கழுவுகிறவர்களுக்கு அது மட்டும் தப்பியிருந்தது. பக்கப் பெட்டியைத் திறந்தாள். திருப்புளி, கந்தல், அதற்கும் அடியில் அவருடைய கம்பளிக் குல்லா. பீடியும் வியர்வையும் தேங்காயெண்ணெயும் ஊறி விறைத்திருந்தது. இடக்கையில் எடுத்தாள். முகத்தருகே கொண்டுபோன கை பாதியில் நின்றது. வீட்டில் மிஞ்சியிருந்தது இந்த ஒன்றுதான். அதுவும் எத்தனை மூச்சுக்குத் தாங்கும் என்று யார் கண்டது? கையைத் தாழ்த்தினாள்.

உள்ளே போய், மகளின் கையிலிருந்த குட்டியை வாங்கிக்கொண்டு, படலோரக் கல்லின்மேல் போய் உட்கார்ந்தாள். குல்லாவால் அதன் முதுகை, வயிற்றை, கழுத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். பிறகு குல்லாவுக்குள்ளேயே அதை நுழைத்து, தலை மட்டும் தெரிய மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா, தூறுது பாரு. உள்ள வா. அங்க உக்காந்து என்ன பண்ற?”

“கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“யாருகிட்ட?”

சென்னம்மாள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். கொட்டகையோரம் படுத்திருந்த டைகர் தலையைத் தூக்கியது, மீண்டும் தாழ்த்தியது. மஞ்சு படலைத் தாண்டி வந்து மொபெட்டை மூடிற்று. வெகுநேரம் கழித்து, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு டைகர் வந்தது. குல்லாவில் மூக்கை வைத்தது, எடுக்கவேயில்லை. சென்னம்மாள் அதன் கழுத்தில் வலக்கையை வைத்துக் காத்திருந்தாள். கடைசியில் பெருமூச்சொன்றை விட்டு, குட்டிக்கு முதுகைக் காட்டி, அவள் பாதத்தின்மேல் சாய்ந்து படுத்தது. குட்டி குல்லாவோடு நழுவியிறங்கி, அந்த முதுகில் ஒட்டிக்கொண்டது. டைகர் நகரவில்லை.

விளக்கு வைத்தபின் புவனா இலையில் சோறு போட்டு, செம்புத் தண்ணீருடன் வந்து நின்றாள்.

“ரெண்டு கையையும் நல்லாக் கழுவும்மா. நாயைத் தொட்டிருக்க.”

சென்னம்மாள் வலக்கையை மட்டும் நீட்டினாள். குல்லாவைப் பிடித்திருந்த இடக்கை முந்தானைக்குள் மூடியபடியே இருந்தது.