லண்டன் சாமியார்களின் மூன்றாம் பாகம்

உப்பளத்து மண்ணைப் பாலில் கரைத்துச் சங்கால் ஊற்றியபோது தனகோடி முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டார். சாகக் கிடக்கிற மனிதருக்கு அவ்வளவு தெம்பு இருந்தது கண்டு, பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரர்களுக்கு ஏமாற்றம்தான். மகன் சதீஷ் பந்தலுக்கே சொல்லிவிட்டான். வாசலில் நின்று போனில் எல்லோருக்கும் "இன்னும் இல்ல" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மண்ணாசை இல்ல அண்ணி," என்றாள் தனகோடியின் தங்கை பாப்பாத்தி. "வேற ஏதோ ஆசை நிக்குது. அதான் உசுரு இழுத்துக்கினு கெடக்குது."

"கருவாட்டுக் கொழம்பு கூட நாக்குல தொட்டு வச்சேன்," என்றாள் மனைவி சுலோசனா. "உப்பு கம்மின்னு சொல்லுது அந்த மனுஷன்."

மருமகள் சங்கீதா மட்டும் டிவிப் பக்கம் பார்த்தாள். மாமா எதற்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் இங்கிலீஷ் சேனல் ஒன்றில் ஒரு நிகழ்ச்சி. ஜமைக்காவிலிருந்து கப்பலேறி லண்டனுக்குப் பிழைக்கப் போனவர்கள் அங்கே ரெகே என்ற பாட்டு வகையை வளர்த்த வரலாறு, மூன்று பாகம். தோளில் புரளும் சடையைப் பார்த்ததும் அவர்கள் சாமியார்கள் என்று தனகோடி முடிவு கட்டிவிட்டார். உப்பளத்தில் வெந்து கறுத்த மனிதருக்கு, தன் நிறத்து ஆட்கள் லண்டன் தெருவில் மேளம் தட்டுவது பிடித்துப்போயிற்று. "என்னம்மா சொல்றாங்க?" என்று பிளஸ் டூ படித்த மருமகளைக் கேட்பார்.

அந்த இங்கிலீஷ் அவளுக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அள்ளி விட்டாள். திரையில் வந்த தொப்பிக்காரருக்கும் கிடார்காரருக்கும் ஒரே பெண்ணைப் பிடித்துவிட்டது, அதனால் பேச்சுவார்த்தை இல்லை என்றாள். இரண்டு பாகம் இப்படியே ஓடியது. படுக்கையில் விழுந்த பிறகும் "சேருவாங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்று மூன்றாவது, கடைசிப் பாகம். அதைப் பார்த்தால் போய்விடுவார் என்று சங்கீதாவுக்கு நிச்சயமாகத் தோன்றியது. நல்லபடியாகப் போகட்டும் என்றுதான் வீடே சொன்னது. அவளுக்கு மனசில்லை. இந்த வீட்டில் அவள் பேசும்போது "அப்புறம்?" என்று கேட்கிறவர் அவர் ஒருத்தர்தான்.

மதியம் அவருக்கு மூச்சு வாங்கியது. கண் டிவிப் பக்கமே போய்ப்போய் நின்றது. பார்க்கச் சகிக்காமல் சங்கீதா எழுந்து டிவியைப் போட்டாள்.

"சாவக் கெடக்கிற மனுஷன் முன்னாடி..." என்று ஆரம்பித்த பாப்பாத்தி, சடைகளைக் கண்டதும் நிறுத்தினாள். "யாருடி இவங்க?"

"லண்டன் சாமியாருங்க," என்றார் தனகோடி.

பாப்பாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் நின்றவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டார்கள்.

"சேந்துட்டாங்களாம்மா?"

திரையில் தொப்பிக்காரரும் கிடார்காரரும் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சேர்ற மாதிரி இருக்குது மாமா. அதுக்குள்ள பொண்ணோட அண்ணன் வந்து கெடுத்துட்டான்." அவர் போர்வையை இழுத்துவிட்டாள். "நாலாவது பாகத்துலதான் தெரியுமாம். அடுத்த வாரம்."

தனகோடி திரையில் இருந்த இருவரையும் பார்த்தார். பிறகு மருமகளை வெகுநேரம் பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

"சரிம்மா," என்றார். "அடுத்த வாரம் பாப்பம்."

டிவியில் ஓடிய பாட்டு முடிவதற்குள் அடங்கிவிட்டார்.

சுலோசனா மார்பில் அடித்துக்கொண்டு அவர்மேல் விழுந்தாள். டிவியை நிறுத்தச் சொல்லி யாரோ அதட்டினார்கள். சங்கீதா போய்ச் சத்தத்தை மட்டும் குறைத்தாள். திரையில் பெயர்கள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவள் ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நின்றாள்.