ஆறரை மணித் தாகம்

டானியாவைச் சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனை அன்று ஹெர்பர்ட் குடித்துவிட்டு வந்து ஆலயப் படிகளில் விழுந்தார். வெள்ளை கவுனில் நின்றிருந்த பதினைந்து வயது மகள், "யாருடி அது?" என்று கேட்ட தோழியிடம், "தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த ஒரு சொல் அவர் காதில் விழுந்தது. மறுநாள் காலையிலேயே குளித்துச் சவரம் செய்துகொண்டு பாலசுப்ரமணியன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பாலசுப்ரமணியன் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தானும் ஒரு காலத்தில் குடித்து, விட்டவர். புனே கேம்ப்பில் ஒரு பழைய ஹாலில் சனிக்கிழமைதோறும் குடியை விட்டவர்களைக் கூட்டி உட்காரவைப்பவர். அவர் ஹெர்பர்ட்டின் மனைவி மேவிஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சிஸ்டர், சாயங்காலம் ஆறரையிலேர்ந்து எட்டு மணி வரைக்கும்தான் கண்டம். அந்த நேரத்துல வாய் சும்மா இருக்கப்படாது. ரெண்டு மூணு வாரத்துக்குத் தித்திப்பா ஏதாவது குடிக்கக் குடுங்கோ."

மேவிஸ் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அன்று பள்ளியிலிருந்து திரும்பும்போதே மூலைக் கடையில் ஒரு பெரிய பாட்டில் தண்டா வாங்கினாள். கறுப்பு நிறத்தில், நுரைத்துக்கொண்டு, பல் கூசும் தித்திப்பில் இருக்கும் கலர். ஆறரைக்கு ஹெர்பர்ட்டின் கை நடுங்க ஆரம்பித்தது. உயரமான கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்டு ஊற்றிக் கொடுத்தாள். அவர் மடமடவென்று குடித்தார். இன்னொரு டம்ளர். இன்னொன்று. எட்டு மணிக்குச் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருக்க, "தாண்டிட்டேன் மேவி" என்றார். இரண்டு பேரும் சமையலறையில் நின்று அழுதார்கள்.

அப்படி ஆரம்பித்ததுதான்.

நடுக்கம் நின்ற பிறகும் தண்டா நிற்கவில்லை. சாயங்காலம் குடித்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் குடித்தார். பிறகு டிப்போவுக்கும் ஒரு பாட்டில் கொண்டுபோனார். அங்கே அவர் ஸ்டோர்கீப்பர். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் என்பது வீட்டில் பால் வாங்குவதுபோல் வழக்கமாகிவிட்டது. கடைக்காரர் மேவிஸைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு பாட்டிலை எடுத்து வைப்பார். அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட. முன்பெல்லாம் மது பாட்டிலைக் கறுப்புப் பையில் சுற்றி ஒளித்துக் கொண்டுவந்த வீட்டுக்கு இப்போது எல்லாரும் பார்க்க பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வரலாம்.

ஹெர்பர்ட் ஆலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார். டானியாவை ஸ்கூட்டரில் காலேஜுக்குக் கொண்டுவிட்டார். தொப்பை வைத்தது. பேன்ட்டுகளைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கும்போது, "சந்தோசத்துல ஊதுறேன்டி" என்று சிரித்தார். கழுத்து மடிப்புகளில் கறுப்பு படிந்தது. அழுக்கு என்று நினைத்து மேவிஸ் பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்த்தாள். தண்ணீர் தாகம் அதிகமானது. புனே வெயில் என்றார்கள். ஆலயத்தில் பிரசங்கம் முடிவதற்குள் இரண்டு தடவை எழுந்து வெளியே போனார்; வயசு என்றார்கள். ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குடிகாரன் குடியை விட்டுவிட்டான், இனி அவனுக்கு என்ன வியாதி?

பத்தாம் வருஷம் காலில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறவேயில்லை. பெருவிரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சர்க்கரை நானூற்று எண்பது. விரலை எடுத்தார்கள். சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன என்று அந்த மராட்டி டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார்.

"பல வருஷமா சர்க்கரை ஏறியே இருந்திருக்கு. தினமும் என்ன சாப்பிடுவார், என்ன குடிப்பார்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

மேவிஸ் சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"ரெண்டு லிட்டரா? அதுல ஐம்பது ஸ்பூன் சர்க்கரை இருக்கும்மா. பரம்பரையும் இருக்கலாம், உடம்பு எடையும் இருக்கலாம். ஆனா தினமும் ஐம்பது ஸ்பூன்... ஒரு தடவைகூட டெஸ்ட் பண்ணலையா?"

தான் வேலை பார்க்கும் தளேகாவ் ஃபேக்டரியிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வந்திருந்த டானியா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்ததும் வெடித்தாள்.

"நீங்கதான் மம்மி ஊத்திக் குடுத்தீங்க! டெய்லி நீங்கதான் ஊத்தினீங்க!"

"குடிக்காம இருக்கணும்னுதான்..." என்று ஆரம்பித்தாள் மேவிஸ். மகள் உடனே கட்டிப்பிடித்து, "சாரி மம்மி, சாரி" என்று அழுதாள். சொன்னது சொன்னதுதான். அன்று முதல் மேவிஸ் எந்த டம்ளரைக் கழுவினாலும் அந்தக் குரல் கேட்டது.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதைவிடக் கொடுமை, ஒரு நாளைக்கு மொத்தமே முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம் என்பது. டீ, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள். வாழ்க்கை முழுக்க ஏதாவது ஒன்றைக் குடித்துக்கொண்டே இருந்த மனிதர் உதடு வெடித்துக் கிடந்தார். மேவிஸ் லீவு போட்டுவிட்டு அளவு டம்ளரும் கையுமாக அவர் பக்கத்திலேயே இருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்தவர் கூப்பிட்டார்.

"மேவி, ஒரே ஒரு மடக்கு தண்டா தாயேன்."

"கூடாதுங்க. இன்னைக்குக் கணக்கு முடிஞ்சு போச்சு."

"வாய நனைக்க மட்டும்டி."

"சின்னப் புள்ள மாதிரி அடம் புடிக்காதீங்க. டாக்டரம்மா திட்டுவாங்க."

ஒரு ஐஸ் துண்டை அவர் நாக்கில் வைத்தாள். அவர் அதைச் சப்பிவிட்டு, "இது நல்லாவே இல்ல" என்று சிரித்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நாலு மணிக்கு மாத்திரை கொடுக்க எழுப்பினாள். எழவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது.

கல்லறையில் பாலசுப்ரமணியன் பேசினார். "பதினோரு வருஷம், நாலு மாசம். ஒரு சொட்டு தொடாம போயிருக்கான் என் ஃப்ரெண்ட்." எல்லாரும் தலையசைத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு மேவிஸிடம் வந்து நின்றார். "தித்திப்பா குடுங்கோன்னு நான்தானே சொன்னேன்" என்றார்.

"நீங்க ரெண்டு மூணு வாரத்துக்குச் சொன்னீங்க, அங்கிள். நான்தான் நிறுத்தல" என்றாள் மேவிஸ்.

நாற்பது நாள் கழித்து, ஹெர்பர்ட் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்த நாற்காலியிலாவது போய் உட்காரலாம் என்று அந்த ஹாலுக்குப் போனாள். பின்வரிசையில் புதிதாக ஒரு பெண். தமிழரசி என்று பெயர். புருஷனுக்கு ஆகுர்டியில் கார் பாகம் செய்யும் ஃபேக்டரியில் வேலை. குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறதாம். அவள் மடியில் பை. பையிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டிலின் மூடி எட்டிப் பார்த்தது.

"இத குடுத்தா அத மறந்துடறாருக்கா" என்றாள் தமிழரசி, சந்தோஷமாக.

மேவிஸுக்குப் பக்குவமாகச் சொல்லத் தெரியவில்லை. "கொல்லாதம்மா அவர" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "என்னக்கா பேசறீங்க? இதயும் புடுங்கிட்டா அவரு மறுபடி பாருக்குத்தான் போவாரு. அடி வாங்கறது நானு. நீங்களா வந்து தடுப்பீங்க?"

மேவிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல், கால், டயாலிசிஸ், அந்த வியாழக்கிழமை என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் சொன்னாள். "உடனே நிறுத்தச் சொல்லல. முதல்ல ரத்தம் மட்டும் டெஸ்ட்டுக்குக் குடுக்கச் சொல்லு. அஞ்சு நிமிஷ வேல. நான் செய்யல." தமிழரசி கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை பாலசுப்ரமணியனிடம் மேவிஸின் நம்பர் வாங்கித் தமிழரசியே ஃபோன் செய்தாள். புருஷனுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று அறுபது. ஆரம்பம்தான், மாத்திரையும் நடையுமாகச் சரிசெய்துவிடலாம், கிட்னி நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். இப்போது ஆறரைக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுக்கிறாளாம். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே குடிக்கிறாராம்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போவுங்க்கா."

"நல்லா இருங்கம்மா ரெண்டு பேரும்" என்று சொல்லி மேவிஸ் ஃபோனை வைத்தாள். மனசார மகிழ்ந்துதான் சொன்னாள். பிறகு ஹெர்பர்ட்டின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அவர் குடியை விட்ட எட்டாம் மாதத்திலேயே ஒருத்தி வந்து தன்னிடம் இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் என்ற நினைப்பு வந்ததும், அவர் போன நாளிலிருந்து வராத அழுகை, தலையணையைக் கடித்தும் அடங்காமல் வந்தது.