பரிவட்டமும் புரோலாக்டினும்

எழுமலைப் பக்கம் அப்பா அம்மா வைக்கிற பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். நிலைக்கிற பெயரைப் பங்காளிகள் வைப்பார்கள். எந்தக் காலத்திலோ ஒரு கல்யாணத்தில் ஒருவர் சாப்பிட்டு எழுந்து, மறுபடியும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கொள்ளுப்பேரன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அவன் கல்யாணப் பத்திரிகையிலும் ‘ரெண்டாம்பந்தி வகையறா’ என்றுதான் அச்சடித்தார்கள்.

ஆகவே அழகுபாண்டிக்கு மார்பு வளர ஆரம்பித்தபோது அவர் முதலில் பயந்தது உயிருக்கு அல்ல.

ஊரை விட்டு வந்து திருநகரில் பம்புசெட் கடை வைத்திருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். உப்பை விட்டார், இளநீரை விட்டார், தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதையும் விட்டார். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் மீசை மெலிந்து, பனியனுக்குள் இரண்டு பக்கமும் எழும்பி, தொட்டால் வலிக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சிவராத்திரியை ஒட்டிக் குலசாமி கும்பிடுகிற மாசிப் பச்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சாமியின் பூசைச் சாமான்கள் இருக்கும் குலசாமிப் பெட்டி ஊரிலிருந்து கோயிலுக்குப் புறப்படும்போது பங்காளிகளில் மூத்தவர் தலையில் பரிவட்டம் கட்டி முன்னால் நடக்க வேண்டும். இந்த வருஷம் மூத்தவர் அழகுபாண்டி. ஆண்கள் எல்லோரும் வெற்றுடம்போடு வர வேண்டும். துண்டு இடுப்பில் இருக்க வேண்டும். தோளில் போட்டால் சாமிக்கு மரியாதை இல்லை. சித்தப்பா மகன் சுருளியும் வருவான். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவன் அவன்.

அழகுபாண்டி அவனுக்குப் போன் போட்டார்.

“தம்பி, டயாலிசிஸ் ஊசி குத்துற கையில வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பெட்டி தூக்க முடியாது. இந்த வருஷம் நான் வரல.”

“அண்ணே, உங்கள யாரு தூக்கச் சொன்னா? நாங்க இம்புட்டுப் பேரு எதுக்கு இருக்கோம்? நீங்க சட்டையக் கழட்டிட்டு முன்னால நடந்தாப் போதும்.”

“சரிப்பா,” என்று அழகுபாண்டி போனை வைத்தார்.

அடுத்த டயாலிசிஸ் அன்று, நர்ஸ் எஸ்தர் இடது கையில் ஊசியை ஏற்றி பிளாஸ்திரி ஒட்டும்வரை காத்திருந்துவிட்டு அழகுபாண்டி கேட்டார்.

“ஏம்மா, நான் பொம்பளையா மாறிக்கிட்டு இருக்கேனா?”

“அம்புட்டு லேசா எங்க கூட்டத்துல சேத்துக்க மாட்டோம்யா,” என்றாள் எஸ்தர். “டாக்டர்தான் பாத்துட்டாரே, கட்டி எதுவும் இல்லன்னு. புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன். ஆம்பளைக்கும் உண்டு. கிட்னி நல்லா இருந்தா ரத்தத்துல இருந்து அத வெளியேத்திரும். இப்ப தங்கிருது. ஆம்பள ஹார்மோனும் கொறஞ்சிருது. ரெண்டும் சேந்து இப்படி ஆகும்.”

“அப்ப இந்த மெஷினு எதுக்கும்மா ஓடுது?”

“உப்ப எடுக்கும், தண்ணிய எடுக்கும். ஹார்மோன் கணக்கெல்லாம் அதுக்குச் சரியா வராது. உங்களுக்கு ரத்தம் ஊற ஒரு ஊசி போடுறோம்ல, அதுவும் ஹார்மோன்தான். முன்னால கிட்னியே செஞ்சுக்கிட்டு இருந்துச்சு.”

இத்தனை இலாகாக்களைக் கையில் வைத்திருந்த உறுப்பை வெறும் குழாய் என்று நினைத்துவிட்டோமே என்று அழகுபாண்டிக்கு வருத்தமாக இருந்தது.

“மாசிப் பச்சைக்குள்ள வத்திருமா?”

“வத்தாதுய்யா.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த கிறிஸ்துராஜ், மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“எனக்கும் இருக்கு சார். காலமெல்லாம் பசங்கள நெஞ்ச நிமித்துடான்னு அதட்டுனவன், இப்பக் கூன் போட்டு நடக்குறேன். எங்க கோயில்ல சட்டையோட போகலாம். வாரீங்களா?”

“எங்க பங்காளிங்க அங்கயும் வந்துருவாய்ங்க சார்.”

மாசிப் பச்சை அன்று காலையில், பெட்டியை வைத்திருக்கும் வீட்டு முன்னால் பங்காளிகள் கூடி நின்றார்கள். மனைவி கனகலட்சுமி கையை நீட்டினாள்.

“குடுங்க, சட்டைய நான் வச்சுக்கிறேன்.”

அழகுபாண்டி வாசல் படியில் நின்று வேப்பமரத்தைப் பார்த்தபடி பொத்தான்களைக் கழற்றினார். கடைசிப் பொத்தானுக்கு நேரம் பிடித்தது. துண்டு இடுப்புக்குப் போனது. எதிரே சுருளி வந்தான். அவனுக்கும் மார்பு இருந்தது. அது புரோலாக்டின் உதவியில்லாமல் புரோட்டாவின் உழைப்பால் மட்டும் வந்தது.

சுருளியின் பார்வை கீழே இறங்கி ஒரு கணம் நின்றது. வாய் லேசாகத் திறந்தது. அந்த வாயிலிருந்து வரப்போவது தன் பேரனின் பத்திரிகையில் ஏறப்போகிறது என்று அழகுபாண்டிக்குத் தெரியும்.

சுருளி வாயை மூடிக்கொண்டான். வாசல் படியில் இறக்கிவிட அவருடைய இடது கையைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் விட்டான்.

“அண்ணே, கைக்குள்ள என்ன ஓடுது?”

“ரத்தம்தான். டயாலிசிஸுக்காக ரெண்டு ரத்தக்குழாய ஒண்ணாச் சேத்துத் தச்சிருக்காங்க. எப்பவும் அதிர்ந்துக்கிட்டுத்தான் இருக்கும்.”

சுருளி காதை வைத்துக் கேட்டான். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

“ஏப்பா, பம்புசெட் கடைக்காரரு கையிலயே மோட்டார் ஓடுதுப்பா.”

பெட்டி காத்திருக்க, பங்காளிகள் வரிசையில் வந்து தொட்டுப் பார்த்தார்கள். “அழுத்தாமத் தொடுங்கப்பா,” என்றார் அழகுபாண்டி. பூசாரியும் திருநீற்றுக் கையைத் துடைத்துவிட்டு வந்து தொட்டார். யாரும் வேறெங்கும் பார்க்கவில்லை. “மோட்டார்க்கை அண்ணே, பரிவட்டத்துக்கு நேரமாச்சு,” என்று பின்னாலிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

பூசாரி பரிவட்டம் கட்டும்போது சுருளி காதருகே வந்தான்.

“நெஞ்சு வலிக்குதாண்ணே?”

“தொட்டா மட்டும்.”

“சரி. கூட்டம் இடிக்காம நான் பக்கத்துலயே வாரேன்.”

மேளம் தொடங்கியது. அழகுபாண்டி முன்னால் நடந்தார். இன்னும் பிறக்காத பேரனின் பத்திரிகையை மனசுக்குள் ஒருமுறை அச்சடித்துப் பார்த்தார். மோட்டார்க்கை வகையறா. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.