இரும்பு தெரியாத ராஜா

நடந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். நடக்கவில்லை என்பவன் மாசிஸ் மலையடியில் ஒரு குளிர்காலம் குடியிருந்துவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.

அந்த மலைக் குகைக்குள் ஒரு ராஜா சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறான். வெளியே இருந்த காலத்தில் ஊர் ஊராக எரித்தவன். பெற்ற தகப்பனே சாபம் கொடுத்து உள்ளே தள்ளினான் என்றால் ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவனுடைய இரண்டு நாய்களும் ராவும் பகலும் சங்கிலியை நக்கி நக்கித் தேய்க்கின்றன. அறுந்த அன்றைக்கு அவன் முதலில் இறங்குவது எங்கள் ஊரில்தான். எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே இந்தப் பயம் வந்துவிடும்.

இந்த ஊரில் கஸ்பார் என்று ஒருத்தன். அப்பாவுக்கு ஆற்றங்கரை வரைக்கும் திராட்சைத் தோட்டம். மகனுக்குத் திராட்சை தின்னத் தெரியும், அவ்வளவுதான். இவன் போய் மனுஷாக் மேல் ஆசை வைத்தான். அவள், செத்துப்போன அப்பாவின் கொல்லுப்பட்டறையைத் தனியாளாக நடத்துகிறவள்.

"மனுஷாக் கண்ணு, என்னைக் கட்டிக்கிறியா?"

"உனக்கு என்ன வேலை தெரியும்?"

"எங்கப்பாவுக்குத் தோட்டம் இருக்கே!"

"அது உங்கப்பாவோடது. நான் உன் கையைப் பத்திக் கேக்குறேன். எங்க, காட்டு பாப்போம். அட, வெண்ணெய்க்கட்டி! இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ரொட்டியில தடவித் திங்கவா?"

"சரி, வேலை கத்துக்கிறேன். எங்க போகட்டும்?"

"எங்கயும் போக வேணாம். துருத்தி அந்தா இருக்கு. ஊது."

ஊதினான். கை கொப்புளித்தது, புருவம் கருகியது, ஊரே சிரித்தது. ஆனாலும் விடவில்லை. திராட்சை மிதிக்கும் காலம் வருவதற்குள், இரண்டு இரும்பைக் காய்ச்சி, மணல் தூவி, அடித்து ஒன்றாக ஒட்டக் கற்றுவிட்டான். கொல்லு வேலையிலேயே கஷ்டமானது அதுதான். கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கரி எடுத்துவரக் கழுதையோடு மலைச்சரிவுக்குப் போனான். கழுதை மட்டும் திரும்பி வந்தது.

கஸ்பாரைக் கவ்விக்கொண்டு போனவை அந்த நாய்கள். கன்றுக்குட்டி உயரம், குரைப்பே இல்லை. குகைக்குள் கொண்டுபோய்ப் போட்டபோது அவன் கண்ணில் முதலில் பட்டது செருப்புக் குவியல். பட்டுச் செருப்பு, தோல் செருப்பு, ஒரு குழந்தையின் செருப்பு. கால்களைக் காணோம்.

இருட்டில் சங்கிலி நகர்ந்தது. ராஜா நிமிர்ந்தான், தலை குகையின் கூரையை இடித்தது.

"உனக்கு என்னடா தெரியும்?"

கஸ்பார் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"முந்தாநாள் ஒருத்தன் வந்தான். வரி வசூல் பண்றவனாம், நல்லா எண்ணத் தெரியுமாம். இங்க எண்ணுறதுக்கு என்ன இருக்கு?" ராஜா செருப்புக் குவியலைக் காலால் தள்ளினான். "சொல்லு. நாய்ங்க காத்திருக்கு."

"கொ... கொல்லு வேலை தெரியுங்க, ராஜா."

ராஜா சிரித்தான். எங்கேயோ கொள்ளையடித்த பட்டறைச் சாமான் மொத்தமும் ஒரு மூலையில் கிடந்தது: உலை, துருத்தி, சுத்தியல், உளி. "உடை இதை."

கஸ்பார் சங்கிலியைப் பார்த்தான். ஒரு கண்ணி தேய்ந்து கோதுமைத் தாள் கனத்துக்கு வந்திருந்தது. உளியை வைத்து ஒரே அடி, போதும். அடித்தால் நாளைக் காலையில் ஊர் இருக்காது, மனுஷாக் இருக்க மாட்டாள். அடிக்காவிட்டால் இந்தக் குவியலில் இன்னொரு ஜோடி. அவனுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான்.

"காய்ச்சணும், ராஜா. துருத்தி ஊத ஆள் வேணும்."

"யாரு ஊதுறது?"

"இங்க வேற யாரு இருக்கா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ராஜா அவனையே பார்த்தான். பிறகு குனிந்து துருத்தியைப் பிடித்தான்.

நெருப்பு எழுந்தது. கண்ணி சிவந்து, மஞ்சளாகி, வெள்ளையாகிப் பொறி பறந்தது. கஸ்பார் மணலைத் தூவினான். கிடந்த உடைவாள் துண்டு ஒன்றையும் கூடவே காய்ச்சியிருந்தான். அதைக் கண்ணியின் மேல் வைத்தான்.

"ஏய், எதுக்குடா அதை மேல வைக்கிற?"

"ஆப்புங்க. அதை வச்சு அடிச்சாத்தான் பிளக்கும்."

கொல்லு வேலை தெரிந்த சின்னப் பயல்கூட அந்த இடத்திலேயே கழுத்தைப் பிடித்திருப்பான். ராஜா தலையாட்டினான். பாவம், ஆணையிடுவதைத் தவிர அவன் எதைக் கற்றான்! கஸ்பார் அடித்தான். வாள்துண்டு கண்ணியோடு கலந்து ஒன்றாயிற்று.

ராஜா மணிக்கட்டை முறுக்கினான். கண்ணி இன்னும் சிவப்பாகவே இருந்தது. இப்போது இழுத்தால் களிமண்ணாகப் பிய்ந்துவிடும்.

"ஐயோ, இழுத்துடாதீங்க!" கஸ்பார் அலறிவிட்டான். "சூட்டுல இழுத்தா ஒட்டிக்கும். அப்புறம் எந்தக் கொல்லனாலயும் பிரிக்க முடியாது."

ராஜா அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். கை மெல்லத் தாழ்ந்தது.

சிவப்பு மங்கிக் கறுத்தது. கறுத்த இரும்பும் கையைப் பொசுக்கும், ஆனால் அது தொட்டுப் பழகினவனுக்குத்தான் தெரியும்.

"ஆறிடுச்சுங்க. கடைசியா நாய்ங்களை ஒரு தடவை நக்கச் சொல்லுங்க, கழண்டுடும்."

நாய்கள் ஆசையாக வந்து நாக்கை வைத்தன. அப்புறம் அவை ஊளையிட்ட ஊளை! சுவரில் மோதின, ராஜாவின் மேலேயே விழுந்து புரண்டன. கஸ்பார் எடுத்தான் ஓட்டம். முதுகுக்குப் பின்னால் ராஜா முழு பலத்தோடு இழுப்பது கேட்டது. சங்கிலி அசையவில்லை.

ஊருக்குள் வந்து விழுந்தவனை மனுஷாக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கும் முன்பே மலையிலிருந்து சத்தம் வந்தது. டங். டங்.

கஸ்பாருக்கு முகம் வெளுத்தது. "எல்லாத்தையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டேன், மனுஷாக். சுத்தியல், உளி, உலை, எல்லாமே அவன் கைக்கு எட்டும்."

அவள் காது கொடுத்துக் கேட்டாள். "ஆறின இரும்பை அடிக்கிறான். உளியை வேற கோணலாப் பிடிச்சிருக்கான். ஒண்ணும் ஆகாது."

"கத்துக்கிட்டான்னா?"

"கத்துக்கணும்னா எனக்குத் தெரியாதுன்னு ஒருத்தர்கிட்ட சொல்லணும். அவன் வாயில அது வராது."

"வராமயே, அடிச்சு அடிச்சே கத்துக்கிட்டான்னா?"

அவள் அவனுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், எல்லோருக்கும் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். அதெல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. நான் சின்ன வயதில் கேட்டபோது அடி கோணல்மாணலாக விழும், நாங்கள் சிரிப்போம். போன குளிர்காலத்தில் கேட்டேன். மூன்று அடி ஒழுங்காக விழுந்தது. நடுவில் துருத்தி ஊதுவதும் கேட்டது.

அதனால்தான் கேட்கிறேன், அப்பாவுக்குத் தோட்டம் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்கு என்ன தெரியும்? சீக்கிரம் ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள். அவன் கற்றுக்கொண்டிருக்கிறான்.