கேட்காமல் விட்ட வீடுகள்

குரல் நடுங்கக் கூடாது. 'நான் சி பிளாக் தமயந்தி' என்று ஆரம்பித்து, கொஞ்சம் நிறுத்தி, கூட்டத்தை ஒரு முறை பார்க்க வேண்டும். பிறகு, 'நோய் வந்த எல்லோரும் பொதுவாகச் சாப்பிட்டது ஒன்றே ஒன்றுதான்' என்று சொல்ல வேண்டும். சட்னி என்று உடனே சொல்லிவிடக் கூடாது. அவர்களே கேட்கட்டும்.

தமயந்தி பீன்ஸ் நறுக்கியபடியே மனத்துக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். செயலாளர் கஸ்தூரிரங்கனே வீடு தேடி வந்து, "நீங்கதான் பேசணும்" என்று கேட்டுக்கொண்டு போயிருந்தார். பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் இந்தக் குடியிருப்புக்கு வந்ததிலிருந்து யாரும் அவளை எதற்கும் பேசக் கூப்பிட்டதில்லை. லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் குடியிருப்பில் திடீரென்று வாந்தியும் பேதியும் பரவியது. குழந்தைகள்தான் அதிகம் வாடினார்கள். கஸ்தூரிரங்கனின் பேத்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டியிருந்தது. எல்லோரும் பயந்து போயிருந்த நேரத்தில் தமயந்தி மட்டும் உள்ளுக்குள் வேறொன்றை உணர்ந்தாள். அதைச் சந்தோஷம் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கே வெட்கமாக இருந்தது. படித்தது கடைசியில் கண் முன்னே வந்து நிற்கிறது என்கிற படபடப்பு.

படித்தது என்றால் கல்லூரியில் அல்ல. கோலார் தங்கவயலில் பி.எஸ்சி. முடித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் காப்பீட்டு விண்ணப்பங்களில் நோய்களின் குறியீட்டு எண்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். கொரோனா சமயத்தில் ஒருநாள் போனில் எதையோ தேடப் போய், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தொற்றுநோயியலை இலவசமாகக் கற்றுத் தருவதைப் பார்த்தாள். பணம் கட்டினால் சான்றிதழ். கட்டாவிட்டால் பாடம் மட்டும். அது முடிந்ததும் இன்னொன்று, அதற்குப் பிறகு பொது சுகாதாரம். பருப்பு டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஓடும் ஆங்கில எழுத்துகளைப் படித்தபடியே சமைப்பாள். கணவன் ஜெயவேலு அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பேர் வைத்திருந்தான்.

ஏன் இதைப் படிக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்பாவின் இருமலைப் பற்றிச் சொல்லியிருப்பாள். சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த இருமல். அவர்கள் இருந்த தொழிலாளர் லைனில் பல வீடுகளில் அதே இருமல் கேட்கும். ஒவ்வொரு வீடும் அதைத் தன் விதி என்று நினைத்துக்கொண்டது. வீடு வீடாக வந்து கதவைத் தட்டிக் கேட்டவர் யாருமில்லை.

அதனால்தான் இந்த முறை அவள் கதவுகளைத் தட்டினாள். நோய் வந்த வீடுகளுக்கெல்லாம் போய் யார் யாருக்கு, எப்போது தொடங்கியது, முந்தின நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்தாள். அநேகமாக எல்லோரும் வாசல் கேட்டுக்கு வெளியே மேஜை போட்டு இட்லி விற்கும் ரஞ்சிதத்திடம் தேங்காய்ச் சட்னி வாங்கியிருந்தார்கள். பாடத்தில் வந்த கதைகளைப் போலவே பளிச்சென்று விடை கிடைத்துவிட்டது. குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் எழுதினாள். கை கூப்பிய படங்களாக வந்து குவிந்தன. அன்று சாயங்காலமே வாட்ச்மேன் போய் மேஜையைத் தூக்கச் சொல்லிவிட்டான்.

"இன்னா, பீன்ஸுக்கு லெக்சர் எடுக்கறியா? உதடு அசையுது" என்றபடி ஜெயவேலு உள்ளே வந்தான். சனிக்கிழமை லீவு. "ரஞ்சிதக்கா மேஜைய நெஜமாவே எடுத்துட்டாங்கபா. பாவமா கீது."

"பாவம் பாத்தா நோய் நிக்குமா?"

"அதுவும் கரெக்ட்தான். ஆனா எனக்கு ஒண்ணும் ஆவலியே."

"உனக்கு எதுக்கு ஆவணும்? நீதான் வீட்டுல தின்னுட்டுப் போறியே."

ஜெயவேலு தலையைச் சொறிந்தான். மாட்டிக்கொண்ட பிள்ளையின் சிரிப்பு சிரித்தான். "வீட்லயும் திம்பேன். கம்பெனி பஸ் லேட்டா வந்தா கேட்டாண்டயும் ரெண்டு இட்லி. சட்னி அதிகமா ஊத்தும் அந்தக்கா. போன வாரம் பூரா அங்கதான்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட? வயித்தால போனவங்களாத் தேடித் தேடிப் போய்க் கேட்ட. எனக்குப் போவல. அதனால இந்த வீட்ல எனக்கு மரியாதை இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிவதற்குள் கத்தி நின்றது.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பழைய பாடத்தைத் தேடிப் பிடித்தாள். துணி காயப்போட்டுக்கொண்டே வேகமாக ஓடவிட்டுக் கேட்ட பாடம் அது. கணக்கு வந்ததால் மனசு ஒட்டவில்லை. இப்போது முதலிலிருந்து பார்த்தாள். நோயாளிகளை மட்டும் கேட்டால் எல்லோரும் செய்கிற எதுவும் குற்றவாளியாகத் தெரியும் என்றார் ஆசிரியை. நோய் வராதவர்களையும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அவர்களும் அதையே அதே அளவுக்குச் சாப்பிட்டிருந்தால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

இதற்கு ஒரு பயிற்சியும் இருந்தது. பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம். பணம் கட்டியவர்களுக்கு மட்டும். அவள் இத்தனை காலமும் படித்த எதையும் யாரும் திருத்தியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தலையாட்டி ஏற்றுக்கொண்டதையெல்லாம் தெரிந்துகொண்டதாக நினைத்திருக்கிறாள்.

மத்தியானம் மறுபடி கதவுகளைத் தட்டினாள், இந்த முறை நோய் வராத வீடுகளின் கதவுகளை. எதிர்வீட்டு அம்ருதா வாய்விட்டுச் சிரித்தாள். "டெய்லி அங்கேதான் ஆன்ட்டி. நான் எங்க சமைக்கறேன்?" அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். இந்தக் குடியிருப்பில் காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேரின் வயிற்றில் ரஞ்சிதத்தின் சட்னி இருந்தது. நோய் வந்தவர்களில் பி பிளாக்காரர்கள் அதிகம் என்பதும் இப்போது தெரிந்தது. பி பிளாக்குக்குத் தண்ணீர்த் தொட்டி தனி. உடனே 'அதுதான்' என்று மனம் துள்ளியது. அந்தத் துள்ளலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். போன வாரமும் இப்படித்தான் துள்ளியது.

ரஞ்சிதத்தின் வீடு பின்சந்தில். போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. கால்கள் போய்விட்டன. வாசலில் கவிழ்த்துவைத்த அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ரஞ்சிதம், தன்னைக் கண்டதும் திட்டுவாள் என்று தமயந்தி எதிர்பார்த்தாள். ரஞ்சிதமோ எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"வா கண்ணு. நீயே வந்துட்ட. நானே வந்து கேக்கணும்னு இருந்தேன்." இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து உரிந்திருந்தது. "கைதான் சரியில்லையோன்னு சோப்பு போட்டுக் கழுவறேன். கிரைண்டரை வெந்நி ஊத்திக் கழுவிட்டேன். எதுல தப்புன்னு மட்டும் சொல்லிடு. மாத்திக்கறேன். நீயும் நம்ம கோலார் பக்கத்துப் பொண்ணு, படிச்சவ. பொய் சொல்ல மாட்டே."

"அக்கா, தப்பு உன் கையில இல்ல."

"அப்ப எதுல?"

"நான் விசாரிச்சதுல."

ரஞ்சிதம் அவளையே பார்த்தாள். புரிந்ததா என்று தெரியவில்லை. "அப்ப என் சட்னி நல்லதுன்னு நாளைக்கு மீட்டிங்ல சொல்லுவியா?"

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவேன்க்கா. அதுதான் நெஜம்."

"அது போதுமா?" என்றாள் ரஞ்சிதம். தமயந்தி கிளம்பினாள். சந்து முனையைத் தாண்டுவதற்குள் நின்று, குழுவில் எழுதினாள்: 'சட்னிதான் காரணம் என்று நான் எழுதியது தவறு. நோய் வராதவர்களை நான் கேட்கவில்லை. அவர்களும் அதையே சாப்பிட்டிருக்கிறார்கள். காரணம் இன்னும் தெரியவில்லை. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். மேஜையை எடுத்தது என் பேச்சைக் கேட்டுத்தான்.' கை கூப்பிய படம் ஒன்றுகூட வரவில்லை.

சாயங்காலம் கஸ்தூரிரங்கன் அவளைக் கீழே வரச் சொன்னார். அவள் போனபோது கூட்டத்துக்கான நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். சட்டை கசங்கியிருந்தது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டேள்? காலையிலேர்ந்து எல்லாரும் கொஞ்சம் நிம்மதியா இருந்தா."

"தப்பா எழுதிட்டேன் சார். அதான்."

"தண்ணிய டெஸ்டுக்குக் கொடுக்கலாம். நாளைக்கே கொடுக்கறேன். ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் எல்லாரும் தெரியாது, தெரியாதுன்னு உக்காந்திருக்க முடியுமா? ஆளாளுக்கு ஒருத்தர் மேல பாய்வா." அவர் குரல் தாழ்ந்தது. "கொழந்தை கையில நரம்பு கிடைக்கலைன்னு நாலு இடத்துல குத்தினா. பாட்டி, எதைத் தின்னு எனக்கு இப்படி ஆச்சுன்னு எம் பொண்டாட்டியக் கேக்கறது. நான் என்ன சொல்றது?"

தமயந்தி ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கெட்டவர் இல்லை. பயத்துக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். பெயர் கிடைத்தால் அதைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே தூங்கலாம். அப்பாவின் இருமலுக்கு லைன் வீடுகள் விதி என்று பெயர் வைத்ததுபோல.

"அந்த மெசேஜ எடுத்துடுங்கோ. நாளைக்கு ரெண்டே வார்த்தை, மொதல்ல சொன்னதையே சொல்லுங்கோ. அப்புறம் ரிசல்ட் வந்தா பாத்துக்கலாம். உங்களையே ஹெல்த் கமிட்டிக்குப் போடறதா இருக்கோம். எல்லாரும் உங்களை நம்பறா."

எல்லோரும் நம்புகிறார்கள். எத்தனை வருஷம் காத்திருந்த வாக்கியம். ஒரு கணம் அது காதில் இனித்ததை அவள் தனக்குள் மறைத்துக்கொள்ளவில்லை. காலையில் ஒத்திகை பார்த்த அந்த நிறுத்தம், கூட்டத்தைப் பார்க்கும் பார்வை, எல்லாம் இன்னும் உள்ளே தயாராகத்தான் இருந்தன.

போனை எடுத்தாள். அவர் ஆவலாக எட்டிப் பார்த்தார். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"குழந்தைய நாளைக்கு வந்து பாக்கறேன் சார்," என்றாள். "இதை மட்டும் என்னால சொல்ல முடியாது."

குரல் நடுங்கத்தான் செய்தது.