நாலு வால்வு

"பஸ்சு வர்ற சத்தம் கேக்குது தம்பி. கைகாட்டி நிறுத்தட்டுமா?"

முனியம்மாள் வாசலுக்கு வந்து கேட்டபோது தீர்த்தகிரி காரின் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து இன்ஜினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஹெரால்டு காரில் அது ஒரு வசதி. கொக்கியை எடுத்துவிட்டால் மூக்கு, முகம், விளக்கு என்று முன்பக்கம் மொத்தமும் கவிழ்ந்துகொள்ளும். டயர் மேல் சாவகாசமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தன் புருஷன் பச்சியப்பன் இந்தக் காரை வாங்கியதே அதற்காகத்தான் என்பாள் முனியம்மாள். ஓட்டுவதற்காக வாங்கியிருந்தால் எப்போதாவது ஓட்டியிருப்பார்களே.

"பஸ்சு எதுக்கு அண்ணி? ஊருக்கு ஊரு நிப்பான். அண்ணனால அவ்ளோ தூரம் உக்காந்து வர முடியுமா? ஹெட்டை வெச்சி முறுக்கினா வேலை முடிஞ்சுது. அரை மணி நேரம். மெத்தையப் போட்டுப் படுக்க வெச்சே தருமபுரிக்குக் கொண்டுபோயிடலாம்."

"நெசமாவே அரை மணி நேரந்தானா?"

"சலாவுதீன் வந்துக்கிட்டே இருக்கான். ரெண்டு பேரு கை வெச்சா அவ்ளோகூட ஆவாது."

கரும்புத் தோட்டத்து வளைவில் பஸ் வேகத்தைக் குறைத்தது. யாரும் கைகாட்டாததைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டது. மணி எட்டே முக்கால். அடுத்த பஸ்ஸுக்குப் பகல் பன்னிரண்டு ஆக வேண்டும். முனியம்மாள் தூசி அடங்கும்வரை நின்றுவிட்டு உள்ளே போனாள்.

முந்தின நாள் சாயங்காலம் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பச்சியப்பன் மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். நாற்பத்திரண்டு வயது. அதுவரை தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. பாலக்கோட்டிலிருந்து சைக்கிளில் வந்த கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்தார். "காலையில மொத வேலையா தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பச்சியப்பனோ அது வெறும் வாய்வு என்று சாதித்தான். அப்போது பார்த்து காரின் ஹெட், அதாவது இன்ஜினின் மேல்மூடி, கழற்றிய நிலையில் சாக்குமேல் கிடந்தது.

அது கிடந்ததற்குக் காரணம் சோழாவரம். மெட்ராஸ் பக்கத்தில், பழைய விமானத் தளத்தில் வருஷா வருஷம் நடக்கும் பந்தயத்துக்கு அண்ணனும் தம்பியும் இரண்டு தடவை போய் வந்திருந்தார்கள். முதல் தடவை இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் நின்று, காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். போன வருஷம் ஒன்பது காரில் ஏழாவதாக வந்தார்கள். அந்த ஏழாம் இடத்தைப் பச்சியப்பன் வாயால் கேட்டால், முன்னால் போன ஆறு பேரும் ஏதோ தப்புவழியில் போனவர்கள் என்று தோன்றும். கனத்தைக் குறைக்கப் பின்சீட்டைக் கழற்றி மாட்டுக்கொட்டகையில் போட்டார்கள். அதில் கோழி அடைகாத்தது. இந்த வருஷத்துப் பந்தயத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் இன்ஜினின் இழுவையைக் கூட்டுவதற்காக ஹெட்டைப் பெங்களூருக்குக் கொண்டுபோய் அடிப்பக்கத்தைச் சீவிக்கொண்டு வந்திருந்தான் தீர்த்தகிரி.

சலாவுதீன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். பாலக்கோட்டுக் கடைத்தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், இந்தப் பைத்தியத்தில் மூன்றாவது ஆள்.

"ரெண்டு டாக்சியும் மாரண்டஹள்ளிக் கல்யாணத்துக்குப் போயிருக்குதாம். கேட்டுட்டுத்தான் வர்றேன். நம்ம வண்டிதான் தீர்த்தா, வேற வழியில்ல. எடு ஸ்பானரை."

"அண்ணனை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

உள்ளே கட்டிலில் பச்சியப்பன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். பனியனெல்லாம் வேர்வை. முனியம்மாள் அடுப்படியில் ஓமம் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது எக்ஸாஸ்ட் வால்வு பாத்தியா?" என்றான் பச்சியப்பன்.

"பாத்தேன். லேசா புள்ளி விழுந்திருக்குது."

"அரைச்சியா?"

"இப்ப எதுக்குண்ணா? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"வந்து மறுபடியும் தொறப்பியா? ஒருதரம் முறுக்கினா நடுவுல வெக்கற கேஸ்கட் தகடு போச்சு. இருவத்திரெண்டு ரூவா, அதுக்குப் பெங்களூரு வரைக்கும் பஸ் சார்ஜு வேற." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தினான். "தொறந்தது தொறந்து கெடக்குது. அதை மட்டும் அரைச்சுடு. வாய்வுக்கு என்னா அவசரம்?"

வெளியே வந்து சொன்னதும் சலாவுதீன் முறைத்தான். "இப்பவா?"

"அண்ணன் சொல்றாரு."

"அவரு சொல்வாரு. படுத்துக் கெடக்கறவரு பேச்சைக் கேக்கறதா?" என்றான். சொல்லிக்கொண்டே கை மட்டும் அரைப்புப் பசை டப்பாவைத் தேடி எடுத்துவிட்டது.

ஸ்பிரிங்கை அழுத்தி வால்வை உருவி, விளிம்பில் பசை தடவி, நுனியில் ரப்பர் வைத்த குச்சியை அதன் தலையில் ஒட்டி, தயிர் கடைவதுபோல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்ட வேண்டும். கர் கர் என்று ஒரு சத்தம் வரும். உருட்ட உருட்ட அந்தச் சத்தம் மெலிந்துகொண்டே போகும். கால் மணி நேரத்தில் மூன்றாவது வால்வின் விளிம்பில் புள்ளியெல்லாம் போய் ஒரு வெள்ளை வளையம் விழுந்தது. அதைத் துடைத்து வெயிலில் காட்டிப் பார்த்தார்கள். இருவருக்கும் வாயெல்லாம் பல். அந்த அழகைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தால் அது கறுத்துப்போய், கண்ணராவியாக இருந்தது.

"இதையும் ஒரு கை பாத்துடலாமா?" என்றான் தீர்த்தகிரி. அவன்தான் சொன்னான், சலாவுதீன் சொல்லவில்லை. பின்னால் எத்தனையோ நாள் அதை அவன் மாற்றி நினைத்துப் பார்க்க முயன்றான். முடியவில்லை.

ஒன்று இரண்டாகி, இரண்டு நாலானது. நடுவில் முனியம்மாள் இரண்டு முறை வாசலுக்கு வந்தாள். முதல் முறை, "இன்னும் எவ்ளோ தம்பி?" என்றாள். "ஆச்சு அண்ணி, ஆச்சு." இரண்டாம் முறை உருளும் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். வேலை தெரிந்தவர்கள் அவசரத்தில் ஏதோ அவசியமானதைச் செய்கிறார்கள் என்று நம்பினாள் பாவம்.

பிறகு அவர்கள் நேரத்தை வீணாக்கவில்லை. கேஸ்கட்டை வைத்து, ஹெட்டை இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசையாக முறுக்கினார்கள். டேப்பட் இடைவெளி பார்த்தார்கள். குழாய்களை மாட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். தீர்த்தகிரி சட்டையெல்லாம் நனைய ஓடி ஓடிச் செய்தான். எல்லாம் முடிந்தபோது மணி பத்தே முக்கால் தாண்டியிருந்தது. சலாவுதீன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

என்ன சத்தம் அது! மூன்று வருஷமாக இந்த இன்ஜினிடம் அவர்கள் கேட்டுக் கெஞ்சிய சத்தம். தட்டல் இல்லை, இழுப்பு இல்லை. சலாவுதீன் காலை அழுத்த அழுத்த அது மேலே மேலே ஏறியது. விட்டதும் சட்டென்று தணிந்தது. தீர்த்தகிரிக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த நிமிஷத்தில் அவனுக்கு இருந்தது சந்தோஷம், வெறும் சந்தோஷம். அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று, "இன்னொரு தரம் குடு" என்று கையைக் காட்டினான். சலாவுதீன் குடுத்தான்.

அப்போது பக்கத்துத் தோட்டத்துத் தீர்த்தம்மாள் களைக்கொத்தோடு வரப்பில் ஓடிவருவது தெரிந்தது. இவள் எதற்கு இப்படி ஓடிவருகிறாள் என்று யோசித்தான். கொத்தைப் போட்டுவிட்டு, இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்தாள். சலாவுதீன் இன்ஜினை அணைத்தான். அதற்கப்புறந்தான் உள்ளே முனியம்மாள் அலறிக்கொண்டிருந்தது இவர்கள் காதில் விழுந்தது. எவ்வளவு நேரமாக அலறினாளோ.

மூன்று மணிக்கெல்லாம் வாசலில் பந்தல் நின்றது. கீற்றும் மூங்கிலும் வந்தன, பறை வந்தது, உறவுக்காரர்கள் நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்து சேர்ந்தார்கள். பச்சியப்பனைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முனியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது தீர்ந்து தொண்டை கட்டிப்போயிருந்தது.

"வாசல்லயே காரை வெச்சிக்கிட்டு இப்பிடி வாரிக் குடுத்துட்டீங்களேடா" என்றார் சித்தப்பா காளியப்பன். வருகிற ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டான்.

அரூரிலிருந்து சென்னப்பன் மோட்டார் சைக்கிளில் வந்தான். சோழாவரத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடுகிறவன், அங்கே பழக்கம். தந்தி கிடைத்ததும் புறப்பட்டிருக்கிறான், முகமெல்லாம் புழுதி. தீர்த்தகிரியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்ததும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பாடைக்கு வழி வேண்டும், யாராவது காரை ஒதுக்கி நிறுத்துங்கள் என்று காளியப்பன் சத்தம் போட்டதும், தப்பித்தோம் என்று அவனே போய் உட்கார்ந்து கிளப்பினான். வேலியோரம் நிறுத்திவிட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டான். திரும்பிவந்து தீர்த்தகிரிக்கும் சலாவுதீனுக்கும் நடுவில், பந்தக்காலை ஒட்டி உட்கார்ந்தான்.

"ஹெட்டு சீவினது எங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பெங்களூர்ல."

"எவ்ளோ வாங்கினான்?"

"முப்பது கேட்டான். பேசி இருவத்தஞ்சுக்கு முடிச்சேன்."

"பரவால்லயே. சேலத்துல எங்கிட்ட நாப்பது வாங்கிட்டான், அதுலயும் கோணல். எவ்ளோ எடுத்தீங்க?"

"அரைக்கால் இஞ்சுல பாதி. அதுக்கு மேல போனா பிஸ்டன்ல தட்டும். நான் அங்கயே நின்னு ஸ்கேல் வெச்சிப் பாத்து..." என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அளவு காட்டினான் தீர்த்தகிரி. காட்டிய பிறகுதான் தன் குரலில் ஏறியிருந்த உற்சாகம் அவன் காதிலேயே விழுந்தது. ஆறடி தூரத்தில் அண்ணன் கிடக்கிறான். கையை மடக்கிக்கொண்டான். செத்துப்போகலாம் போல இருந்தது.

சென்னப்பன் அதைக் கவனிக்கவில்லை. "வால்வும் அரைச்சிருக்கீங்க போல. என்னமா ஓடுது! எல்லாத்தையும் அரைச்சீங்களா?"

"எக்ஸாஸ்ட் நாலு மட்டும்" என்றான் சலாவுதீன், பழக்கத்தில்.

முனியம்மாள் தலையைத் தூக்கினாள்.

"அரைக்கறதுன்னா என்னா தம்பி?"

அவள் பேசியதே சென்னப்பனுக்கு ஆறுதலாக இருந்தது. துக்கத்தை மறக்கக் கேட்கிறாள் என்று நினைத்து அக்கறையாகச் சொன்னான். "வால்வுக்கு மேல குச்சிய வெச்சி இப்பிடி உருட்டறதுங்க அக்கா. ஒண்ணுக்கு கால் மணி நேரமாவது உருட்டணும். பொறுமை வேணும்."

"அது பண்ணலன்னா வண்டி ஓடாதா?"

"ஏன் ஓடாது? மெட்ராஸ் வரைக்கும்கூடப் போயிட்டு வரலாங்க. ரேசுல நிக்கறதுக்குத்தான் இதெல்லாம்."

அப்புறந்தான் சென்னப்பன் மற்ற இருவர் முகத்தையும் பார்த்தான். எதையோ உடைத்துவிட்டோம் என்று தெரிந்தது, எதை என்று தெரியவில்லை. நாலு கால் மணி நேரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள முனியம்மாளுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. அவள் தீர்த்தகிரியையே பார்த்தாள்.

"அவரு சொன்னாரா தம்பி?"

பறை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. "அண்ணி, அது வந்து, அண்ணந்தான்..." என்று சலாவுதீன் ஆரம்பித்தான். தீர்த்தகிரி அவன் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினான்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். பொய்யில்லை; கால்வாசி நிஜம். ஆனால் அதைக் கேட்டபிறகு இவள் மிச்ச காலத்தை எப்படித் தள்ளுவாள்? அடுப்படியில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், இந்த மனுஷன் கட்டிலில் படுத்துக்கொண்டு வால்வைத்தானே நினைத்திருக்கிறார் என்று அல்லவா நினைப்பாள். அதுவும் போகட்டும். அண்ணன் சொன்னது ஒன்று. மிச்சம் மூன்றை அரைக்கச் சொன்னது யார்?

"இல்லீங்க அண்ணி" என்றான். "அவருக்குத் தெரியாது. நானாத்தான் பண்ணேன்."

முனியம்மாள் வெகுநேரம் அவனைப் பார்த்துவிட்டு, புருஷன் முகத்தின் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து நேராகப் பார்க்காத முகம் அது. தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி காதுமடலை அழுத்திக்கொண்டிருந்தது. அதை விரலால் நெகிழ்த்திவிட்டு, நெற்றியில் கலைந்திருந்த விபூதியைச் சரிசெய்தாள். மறுபடியும் அழத் தொடங்கினாள். இந்த முறை சத்தம் வரவில்லை.

சலாவுதீன் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு எழுந்து வேலிப்பக்கம் போனான்.

வெயில் தாழ்ந்தது. தூக்குவதற்கு முன்னால் வாய்க்கரிசி போடச் சொன்னார் காளியப்பன். அரிசித் தட்டை யாரோ முனியம்மாள் கையில் கொடுத்திருந்தார்கள். முதலில் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் அவள் தட்டை உயர்த்திப் பிடித்தாள்; அவர்கள் ஒரு பிடி எடுத்து, பச்சியப்பன் வாயருகே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஆண்கள். காளியப்பன் வந்தார். தள்ளாத மனுஷன் குனியக்கூடாது என்று அவருக்கு இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

அடுத்து தீர்த்தகிரி வந்து நின்றான். முனியம்மாள் தட்டைத் தரையில் வைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் உட்கார்ந்து, தரையிலிருந்த தட்டிலிருந்து அரிசியை அள்ளினான். அண்ணன் வாயில் போட்டுவிட்டு நகர்ந்து நின்றான். அவனுக்குப் பின்னால் சென்னப்பன் வந்தபோது, தட்டு மறுபடியும் அவள் கையில் இருந்தது.